விடுபட்ட வரி

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு.
பங்குச்சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஆயரின் சுற்றுமடலை என் கையில் திணித்து
நீரே வாசியும் என்று சைகை காட்டினார்.
சேலத்திலிருந்து கண்டக்டர் கையில்
இருபது கொண்டை ஊசி ஏறி வந்த உறை.

‘அன்பார்ந்த இறைமக்களே’ வரைக்கும் நன்றாகவே போயிற்று.
முந்தின நாள்தான் பூமழை பெய்திருந்தது;
நாகலூர்க் கோயிலுக்குள் காப்பிப்பூ வாசம்.

துப்பாக்கி, உரிமம் பெற்றதோ பெறாததோ,
அச்சத்தின் பிள்ளை என்று எழுதியிருந்தார் ஆயர்.
இருக்கலாம்.
ஆயர் இல்லத்துத் தோட்டத்தில் பன்றி புகாது.
எனக்கு ஒன்றரை ஏக்கர்,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு,
ஐப்பசியில் ஒரே ராத்திரியில்
மரவள்ளியை உழுதுவிட்டுப் போன கூட்டம்.
அட்டத்தில், சாக்குகளுக்குப் பின்னால்,
பழைய அம்பாசிடரின் ஸ்டியரிங் ராடு
குழலாகிப் படுத்திருக்கிறது.
செய்து தந்தவன் குரங்குச்சாவடிப் பட்டறைக்காரன்,
ஞாயிறு தவறாமல் பூசை காண்பவன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள்
ஸ்டேஷனில் வைத்துவிட்டு ரசீது வாங்குகிறார்கள்.
அங்கே யாரும் மனசாட்சி கேட்பதில்லை.
ஆயரிடம் ரசீது கிடையாது.
அவருக்கு வேண்டியது நான் கொடுப்பதும் அல்ல,
கொடுக்க விரும்புவது.

பத்து வயதில் எனக்கு உறுதிபூசுதல்.
அப்போதிருந்த ஆயர் நெற்றியில் வைத்த எண்ணெயை
மூன்று நாள் கழுவவில்லை நான்.
அவர் வேறு, இவர் வேறு;
மோதிரம் மட்டும் அதேதானோ என்றிருக்கும்.
ஜெபம், நோன்பு என்றால் மண்டியிடுவேன்.
பன்றி விஷயத்தில்
மேய்ப்பனின் கோல் எதுவரை நீளும்?
மடலில் பதில் இல்லை.
அல்லது இருந்தது, கடைசிப் பத்தியில்:

‘உயிர்ப்பு ஞாயிறுக்குள்
தம்மிடம் உள்ளதை ஒவ்வொரு வீட்டாரும்
பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்களாக.
இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை.’

கண் பார்த்தது. வாய் தாண்டிவிட்டது.
‘ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.’
ஆமென் என்று எழுந்தது கூட்டம்.
அதில் எத்தனை ஆமென் நிம்மதியில் வந்தது,
யார் அட்டத்தில் என்ன இருக்கிறது,
எல்லாம் எனக்கு மனப்பாடம்.

செங்கோல்மேரி மட்டும் எழவில்லை.
போன மாசியில், அந்தி மங்கலில்,
பலாவடியில் குனிந்த அவள் புருஷன் பெலவேந்திரனைப்
பன்றி என்று நினைத்தார்கள்.
நினைத்தது யாரென்று ஊருக்குத் தெரியும்.
வெளியே கேட்டவர்களுக்கு
பாறையில் சறுக்கினான் என்றோம்.
நானும் சொன்னேன்.
அடக்கப் பூசையில் வாசகம் வாசித்ததும் நான்தான்.

மெழுகுத்திரிகளை அணைத்துக்கொண்டிருந்தபோது
பக்கத்தில் வந்து நின்றாள்.
எழுத்து அறியாதவள்.
‘உபதேசியாரே, மடல் அவ்வளவுதானா?’
‘அவ்வளவுதான்.’
‘சாமிக்குத் தொண்டை சரியானதும்
இன்னொருதரம் வாசிக்கச் சொல்லுங்க.
கடைசியில எனக்குக் காது அடைச்சுப்போச்சு.’

முக்காட்டை இழுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.
மடலை நாலாக மடித்தேன்.
அந்த வரி
மடிப்புக்கு மேலே வந்து நின்றது.
பிரித்து, வேறு மாதிரி மடித்தேன்.