பெயர் எழுத வேண்டாம்

இரத்மலானை. இரவு முறை முடிகிற நேரம்.
ஹேங்கர் மூலையில் பிளாஸ்டிக் மேசை,
எழுபது படிவங்கள், ஒரு பெட்டி நீலப் பேனை.
பெயர் எழுத வேண்டாம் என்று
மூன்று மொழியிலும் சொல்லப் பழகிப் போயிருந்தேன்.

பெயர் வேண்டாம்.
பிரிவு மட்டும், சேவைக்காலம் மட்டும்,
எந்த மொழிப் படிவம் என்பது மட்டும்.

தமிழ்ப் படிவம் எடுத்தவர் ஒரே ஒருவர்.
கிறேசியன். சில்லுப் பிரிவு, பதினெட்டு வருசம்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பேர் போடாட்டிலும் இது என்ர முகம்தானே, பிள்ளை."

முதல் கேள்வி:
வேலையிடத்தில் பாதுகாப்பு எப்படி?
"எந்தப் பாதுகாப்பு?
வாசல்ல துவக்கோட நிக்கிறவனும் பாதுகாப்புத்தான்.
ஒருகாலம் என்ர ஐடென்டிகாட்டை டோர்ச் அடிச்சுப் பாத்தவனும்
பாதுகாப்புத்தான்."

ஆங்கிலத்தில் அங்கே இரண்டு சொற்கள் இருந்தன.
ஒன்றுக்குள் இரண்டையும் அடைத்த
மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

மேற்பார்வையாளர் ஜகத்
பிளேன்டீக் கோப்பையோடு என் பின்னால் நின்றார்.
உதவிக்காம்.

காலி வீதி, பஸ் தரிப்பு, தூறல்.
கேட்காமலே சொன்னார் கிறேசியன்:
"போன மார்கழி ஒரு ஸ்பானர் குறைஞ்சுது.
பெட்டிக்குள்ள அதின்ர வடிவத்தில பள்ளம், வெறும் பள்ளம்.
பிளேன் பலாலிக்கு ஏறிட்டுது.
அது திரும்பி வருமட்டும் நான் இருக்கேல்லை,
நிண்டபடி.
சில்லுக்கூட்டுக்குள்ள கிடந்தது.
துடைச்சுப் பள்ளத்தில வைச்சன். அவ்வளவுதான்.
எழுதிப்போடாதேங்கோ."
நூற்றொன்று வந்தது. தொங்கிக்கொண்டு போனார்.

வெள்ளவத்தை அறையில், கணினியில் பதிகிறேன்.
அறுபத்தொன்பது பேர் ஒரே கோட்டில்,
ஓடுபாதை வெள்ளைக்கோடு மாதிரி.
ஒருவரும் களைத்ததில்லை.
ஒருவர் கையிலிருந்தும் ஒன்றும் விழுந்ததில்லை.

இருபத்தேழாம் கேள்வி:
கண்டும் சொல்லாமல் விட்டதுண்டா?
இல்லை, இல்லை, இல்லை,
பிறகு ஓர் ஆம்.
பேனை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.
ஓரத்தில் எண்ணெய்ப் பெருவிரல்.

எனக்குச் சொல்ல முன்னமே
எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறார் மனிசன்.

மின்விசிறி சுற்றுகிறது. தண்டவாளத்தில்
பாணந்துறை ரயில் போய் முடியும்வரை
விரலைத் தூக்கியபடி இருந்தேன்.
அந்த ஆமை அழிக்க மனம் வரவில்லை.
மொழி என்ற கட்டத்தைத் திறந்து
சிங்களம் என்று மாற்றினேன்.

தமிழ்: பூச்சியம்.

அடுத்த வருசம் யாரோ
செலவைக் குறைக்கச் சொல்லுவார்கள்,
தமிழ்ப் படிவம் அச்சடிக்கத் தேவையில்லை என்று.
ஆதாரம் என் அட்டவணை.