ஏழாம் கட்டம்

பணகுடி துணைமின் நிலையத்துக்குப் பின்னால்
தகரக்கூரை ஆபீசில் ஒரு படிவம்.
மேலே ஸ்பானிஷ், கீழே ஸ்பானிஷ்,
நடுவில் கோடு போட்ட பத்துக் கட்டங்கள்.
வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில்
மூன்று மாதம் படித்த பாவத்துக்கு
கம்பெனி என்னை மொழிபெயர்ப்பாளர் என்கிறது.
வெயில்முத்து ஸ்பெயின்காரி என்பான்.

என்பான்.
பாருங்கள், இங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த மொழியில் நடந்துபோனதற்கு இரண்டு கதவு.
ஒன்று அறைந்து சாத்தும்.
கடைசி எழுத்தில் ஆணி இறங்கும்:
சுபியோ. ஏறினான். ஒரு தடவை. கணக்கு முடிந்தது.
மற்றது ஒருக்களித்தே கிடக்கும்:
சுபீயா. ஏறிக்கொண்டிருந்தான்,
ஏறுகிற வழக்கம் அவனுக்கு,
எப்போது நிறுத்தினான் என்று அது சொல்லாது.
மணி ஆறேகாலாக இருந்தது, காற்று வீசிக்கொண்டிருந்தது,
அவனுக்கு வயது இருபத்தொன்பது,
இதெல்லாம் ஒருக்களித்த கதவு.
போன் அடித்தது, அறைந்த கதவு.

போனான் என்பதற்கும், ஒன்றாக இருந்தான் என்பதற்கும்
அங்கே ஒரே சொல்தான்: ஃபுவே.
இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள் என்றாள் வகுப்பெடுத்த ரெனிட்டா.
மறுநாள் வெயில்முத்துவிடம் சொன்னேன்.
"நம்மூர் போவே மாதிரில்லா இருக்கு" என்றான்.
அது அறைந்த கதவு. ஒருமுறைதான் சொன்னான்.

ஆனி முழுக்க விடியுமுன் வருவான்.
டீக்குச் சீனி வேண்டாம்பான்.
ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே கேட்பான்,
"ஏட்டி, காத்துக்கு அங்கன என்ன பேரு?"
வியெந்தோ என்பேன்.
"வெந்தயமா?" என்பான்.
தினமும் அதே வெந்தயம்.
கொக்கியை மாட்டுவான். இழுத்துப் பார்ப்பான்.
நாலு எட்டு வைத்துவிட்டு
திரும்பவும் இழுத்துப் பார்ப்பான்.

பள்ளிக்கூடத்தில் த், ட், ற், இன் என்று ஒப்பித்தோம்.
இறந்தகாலம் என்று உரக்கச் சொல்ல
அன்றைக்கு யாருக்கும் நாக்குக் கூசவில்லை.
பழகிப்போன நேற்றைச் சொல்லும்போது மட்டும்
ப், வ் என்று நாளையின் எழுத்துக்களை
எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.
ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வாக்கிடாக்கியில் கடைசியாக வந்தது
"ஏறுதேன்".
எங்கள் பக்கத்தில் அது இப்போது.
அந்தத் 'த்'தைக் கேட்டுவிட்டு
சென்னையிலிருந்து வந்த அதிகாரி
இறந்தகாலம் என்று குறித்துக்கொண்டார்.

ஏழாம் கட்டம்:
சம்பவத்தின்போது தொழிலாளி கொக்கியை மாட்டினாரா?
எங்கன்ச்சோ என்று அச்சடித்திருக்கிறது.
அறைந்த கதவு.
எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கன்ச்சாபா.
எண்பது மீட்டர் உயரத்தில்
அந்த ஒரு தடவை நான் கூட இல்லை.

"வழக்கமா மாட்டுவார்னு எழுதினீங்கன்னா
அன்னைக்கு மாட்டலைன்னு ஆயிடும் மேடம்"
என்றார் இன்சூரன்ஸ்காரர் போனில்.
"ஆமா, இல்லை. ஒரு வினைச்சொல் போதும்."

வெளியே வேப்பமரத்தடியில் பேச்சியம்மாள்,
மடியில் அவன் லைசென்ஸ், ரேஷன் கார்டு,
எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.
பதினோராம் டவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
மற்றவை காவல்கிணறு வரைக்கும் சுற்றுகின்றன.

நோ லோ வி என்று முதலில் எழுதினேன்.
நான் பார்க்கவில்லை.
பிறகு ஒருக்களித்த கதவில்
எப்போதும் மாட்டுவான், இழுப்பான், திரும்ப இழுப்பான் என்று
மூன்று வினை எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
எட்டாம் கட்டத்துக்குள் இறங்கி
ஓரத்தில் வளைந்து
கம்பெனி முத்திரைமேல் ஏறி நின்றது.

திருப்பி அனுப்புவார்கள். தெரியும்.

"என்ன எழுதியிருக்கே தாயி?" என்றாள்.
மாட்டுவார்னு எழுதியிருக்கேன் என்றேன்.
"ஆமா," என்றாள்,
"மாட்டுவாக."