ஒன்பது கீறல்

மூன்று வருடம் கலெக்டர் ஆபீஸ் படியேறி
வாங்கிய லைசென்ஸ்.
பெட்டியைத் திறந்ததும்
கிரீஸ் வாடைதான் முதலில் வந்தது.

தெற்காவணி மூல வீதியில்
முப்பது வருடம் நகையைப் புரட்டிப் பார்த்த கண்.
குழலோரம் அரத்தின் பல் அப்படியே தெரிகிறது.
கறுப்புச் சாயம் திட்டுத் திட்டாய்,
சூடேறாத கல்லில் ஊற்றிய தோசை.
உருளையைச் சுற்றினால்
மூன்றாவது அறையில் மட்டும் ஒரு கரகரப்பு.
இந்த லட்சணத்தில் மூக்குத்தி கொடுத்தால்
மேலூர்க்காரம்மா மூஞ்சியிலேயே எறிவாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.
"சுடும்லண்ணே?" என்றார்.
சுடும்.
அதையா கேட்டேன்?

தேர்தல் அறிவித்ததும்
ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ஏட்டம்மா வனப்பேச்சி
விளக்கடியில் திருப்பிப் பார்த்து
நோட்டில் எழுதினார்: கீறல் ஒன்பது.
"பிறவியிலேயே உள்ளதுன்னு சேர்த்துக்கங்கம்மா."
நிமிர்ந்து ஒரு பார்வை. சேர்த்தார்.

ஓட்டு எண்ணி முடிந்த மறுவாரம்
கையெழுத்துப் போட்டு வாங்கி
வாசல் வெயிலில் எண்ணினேன்.
எட்டு.

நம்பரைப் பார்த்தேன், என்னுடையதுதான்.
திரும்ப எண்ணினேன். எட்டுதான்.
உள்ளே போய்க் கேட்க
என்ன வார்த்தை இருக்கிறது?

கல்லாவுக்குக் கீழே வைத்துப் பூட்டுமுன்
பெருவிரல்
அந்த வழவழப்பான இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றது.