பில்லில் இல்லாத சரக்கு

ஃப்ரீமாண்ட், நெப்ராஸ்கா. விடிய இன்னும் இரண்டு மணி.
நாற்பத்து நாலாயிரத்து நூறு பவுண்டு என்கிறது காகிதம்:
உறைந்த பன்றி இறைச்சி, இருபத்திரண்டு அடுக்கு.
கதவில் நீல சீல்.
எண்ணைச் சரிபார்க்கலாம்; உள்ளே எட்டிப் பார்க்க
எனக்கு அதிகாரமில்லை.

பின்னால் வந்து ட்ரெய்லரைக் கொளுவினேன்.
இறங்கிக் குனிந்து டார்ச் அடித்தேன்.
தாடை கிங்பின்னைக் கவ்வியிருந்தது.
ஏறி உட்கார்ந்தால் காற்றழுத்த முள்.
என் வண்டிக்கு ஐம்பத்தெட்டுதான் கோடு.
அது அறுபதில் நின்றுகொண்டு
என்னைப் பார்க்காதது மாதிரி இருந்தது.

"எல்லாரும் அப்படியேதான் எடுத்துட்டுப் போறாங்க, ரெனே,"
என்றான் கேட்டில் டுவேன், கையுறைக்குள் ஊதிக்கொண்டு.
எல்லாரும் கட்டும் அபராதத்தை டுவேன் கட்டுவதில்லை.

எடைமேடை பதினோரு மைல்.
வழியில் ஒரு பாலம். மெதுவாகப் போனேன்.

மேடையில் மூன்று தட்டு, சீட்டில் மூன்று எண்.
முன்னச்சு பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது. இருக்கட்டும்.
இழுக்கும் அச்சுகள்
முப்பத்தையாயிரத்து நூற்றிருபது.
பின்னச்சுகள் முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்.
முப்பத்துநாலாயிரம் தாண்டினால் போலீஸ் பேசும்.
மொத்தத்தில் குற்றமில்லை,
நிற்கும் இடத்தில்தான்.

இப்போது அவனை எனக்குத் தெரியும்,
இரவு ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனை.
கனத்த அடுக்குகளை மூக்குப் பக்கம் முட்டத் தள்ளி,
கதவருகே லேசானதை வைத்து மூடி,
மணி பார்த்திருக்கிறான்.
திட்ட வாயெடுத்தேன்.
நானும் அப்படி மணி பார்த்தவள்தான்,
டைசன் வேலைக்கு முந்தி, ஒரு பேக்கரியில், ஆறு வருஷம்.

ஒரு துளைக்கு நானூறு பவுண்டு. மூன்று துளை போதும்.
ஓரமாக ஒதுக்கி ட்ரெய்லர் பிரேக்கைப் பூட்டினேன்.
கம்பியை இழுத்தால் பின்கள் உள்வாங்க வேண்டும்.
மாட்டேன் என்றன.
சாலை உப்பு தின்ற இரும்பு, மிச்சத்தைப் பனிக்கட்டி பிடித்திருந்தது.
சுத்தியலால் நாலு போட்டேன்.
மணிக்கட்டு விண்ணென்றது, இரும்பு கேட்கவில்லை.

எனக்கு அடுத்து எடைபோட்டவன்
தன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்.
"நீங்க ஏறுங்க. நான் இழுக்கிறேன்."
முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண் ஆட்டினேன்.
உடம்பு முழுவதையும் கம்பியில் தொங்கவிட்டிருந்தான்.
டக்.
சக்கரங்கள் நின்ற இடத்தில் நிற்க
பெட்டி அவற்றின்மேல் பின்னால் நகர்ந்தது,
தூங்குகிறவனைப் பாயோடு இழுப்பதுபோல.
ஒவ்வொரு துளைக்கும் அவன் கத்தினான்
கோவ், லபா, சத்தெஹ்.
மூன்றாவதில் நிறுத்தினேன். மொழி தெரியாவிட்டால் என்ன,
எண்ணிக்கை புரிந்தது.

பெயர் கேட்டேன். அப்திரிசாக் என்றான்.
ஊர் கேட்டேன். தன் ட்ரக்கைக் காட்டினான்.
காபி வேண்டாமாம், நோன்பு.

மறுபடி மேடை, இன்னொரு நாலு டாலர்.
முப்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
கைவசம் எண்பது பவுண்டு:
பதினோரு கேலன் டீசல், அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது.

அப்புறம்தான் கூட்டிப் பார்த்தேன், சீட்டின் பின்பக்கம்.
வெறும் வண்டி முப்பத்துநாலாயிரத்து இருநூறு.
காகிதத்துச் சரக்கை அதில் சேர்த்தால்
மேடை ஐந்நூற்று அறுபது கூடச் சொல்கிறது.
இரண்டு தடவை போட்டேன். அதே ஐந்நூற்று அறுபது.
யாருடையது?

கிராண்ட் ஐலண்ட் தாண்டி வெயில் ஏறியது.
கண்ணாடியில் பார்த்தேன்:
கூரையிலிருந்து பனி தகடு தகடாகப் பெயர்ந்து
காற்றில் ஒருமுறை புரண்டு
சாலையோரப் புல்லில் விழுந்துகொண்டிருந்தது.
நல்லவேளை, பின்னால் யாருமில்லை.
கையெழுத்தும் இல்லை, பெற்றுக்கொள்பவர் பெயரும் இல்லை,
இறங்கிக்கொண்டிருந்தது.

முள் அரைக்கோடு சரிந்தது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.