நூற்றுக்கு எண்பத்தைந்து

மணலி புதுநகர் வார்ப்புக் களத்தில்
பதினேழாம் எண் உத்தரம்
இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்குக்குள் கிடந்தது.
இன்று இழுத்துக் கட்டுகிறோம்.

கான்கிரீட்டுக்கு நசுக்கலைத் தாங்கத் தெரியும்.
இழுத்தால் வாய் பிளந்துவிடும்.
அதனால் வயிற்றுக்குள் புதைத்த குழாயில்
பத்தொன்பது கம்பியை ஓட்டி
இழுத்து, ஆப்பு இறுக்கி விடுகிறோம்.
பிறகு அது ஆயுளுக்கும் மூச்சைப் பிடித்தபடி நிற்கும்.

ஜாக்குக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.
போன மழைக்காலம் வேறொரு களத்தில்
நழுவிய கம்பி மணல்மூட்டைக்குள் புகுந்தது.
பிடுங்க மூன்று பேர் வேண்டியிருந்தது.
சிமாஞ்சல் பக்கவாட்டில் நின்று அழுத்தம் சொல்கிறார்.
ஒடிசாவிலிருந்து வந்தவர்,
தமிழில் எண்கள் மட்டும் சுத்தம்.
"நூறு."
"நூற்றைம்பது."
"இருநூறு."
தண்ணீர் கேட்க அவருக்குக் கைதான்.
நான் ஸ்கேலை வைத்து நீட்சி எழுதுகிறேன்.

கணக்குப்படி நூற்றெண்பத்து நான்கு மில்லிமீட்டர்.
வந்தது நூற்றெழுபத்தொன்று.
"ஸ்கேல் வழுக்கியிருக்கும், எண்பதுன்னு போடுங்க"
என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள்.
ரெஜினா மேடம் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.
அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

குழாயில் எங்கோ சிமெண்ட் பால் கசிந்து காய்ந்திருக்கிறது.
தளர்த்தினோம், கழுவினோம்,
மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து
மறுபடி இழுத்தோம்.
நூற்றெண்பது.
வெற்றிலைக் காம்பு ஒடிவதுபோல் ஒரு சத்தம்.
நடுவில் உத்தரம் படுக்கையை விட்டு எழுந்திருந்தது.
அடியில் கோடாய் வெளிச்சம்.
காலையில் பேருந்தில் வாங்கிய டிக்கெட்டை நுழைத்தேன்,
எங்கும் தட்டாமல் போனது.

குழாயில் பால் ஏற்றி, ஆறவிட்டு,
பத்து நாள் கழித்துப் பாரம் வைத்தோம்.
அடிப்பக்கம் முழுக்க வெள்ளையடித்திருந்தது,
மயிரிழை விரிந்தாலும் தெரிவதற்கு.
டார்ச்சோடு மல்லாந்து ஊர்ந்தேன்.
ஒரு பல்லி. ஒரு தூரிகை மயிர். வேறெதுவுமில்லை.
பதினான்கு புள்ளி ஆறு இரண்டு தாழ்ந்து நின்றது.

இரவெல்லாம் மணிக்கொரு முறை முள்ளைப் படிக்க வேண்டும்.
சுத்திகரிப்பு ஆலையின் தீ
மேகத்தின் அடிவயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.
கொசு. ஃபிளாஸ்க் டீ.
அம்மாவின் மிஸ்டுகால் மூன்று.
முள் அசையவில்லை.

மறுநாள் உச்சியில்
ஒரு பாளத்தையும் யாரும் தொடாமல்
உத்தரம் இரண்டு மில்லிமீட்டர் எழுந்தது.
பதறிப்போய் மேடத்தைக் கூப்பிட்டேன்.
அண்ணாந்து பார்த்தார். "சித்திரை" என்றார்.
முதுகு சுட்டு நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.
வெயிலுக்கென்று தனிப் பத்தி போட்டு
அதைக் கழித்தோம்.

பாரத்தை இறக்கியபின் இருபத்து நான்கு மணி நேரம்.
தாழ்ந்ததில் நூற்றுக்கு எண்பத்தைந்தாவது
திரும்பி வரவேண்டும்.
மீதிப் பதினைந்தைக் கேட்பதில்லை விதி.
அந்த எண்ணை முதலில் எழுதியவர்
எதை இறக்கிவைத்துவிட்டு எழுதினாரோ.

ஒன்று புள்ளி ஒன்பது பாக்கி நின்றது.
எண்பத்தேழு.
மேடம் பேனாவைத் திறந்தார்.
சிமாஞ்சல் கையாலேயே என்னவென்று கேட்டார்.
சொன்னேன்.
"எண்பத்தேழு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்து
சாக்பீஸால் உத்தரத்தின் முனையில் எழுதினார்,
தளம் போட்டால் மறைந்துவிடும் இடத்தில்.

திரும்பும் பேருந்து
மூலக்கடை மேம்பாலத்தில்
இணைப்புக்கு இணைப்பு தட்டித் தட்டி ஏறியது.
கம்பியைப் பிடித்தபடி தூங்கும் அறுபது பேர்.
நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்,
காலுக்கடியில்
யாரும் எழுதிக்கொள்ளாத ஒரு தாழ்வு,
பின்னால் ஒரு தண்ணீர் லாரி.