சம்பவம் நடந்த இடம்

முறைப்பாடு கையிலிருந்துதான் வந்தது.
வலது தோளில் புறப்பட்டு
முழங்கையைத் தாண்டிப்
பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வந்து எரியும்.
சாமம் மூன்று மணிக்குக்
கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் கொஞ்சம் ஆறும்.
கொட்டாஞ்சேனை மாடிவீட்டில்
ஒற்றைக் கையால் சரணடைந்தவள் மாதிரி
விடியும்வரை கிடப்பேன்.

ரெஜினோல்ட் தைலம் போட்டுவிடுவார்,
தோளிலிருந்து விரல்வரை,
மூன்று மாதம், ஒருநாள் தவறாமல்.
பிழையான விலாசத்துக்குப்
பதிவுத் தபால் அனுப்புவதில்
எவ்வளவு கவனம்!

பெரியாஸ்பத்திரியில் நாற்பத்திரண்டாம் நம்பர் துண்டு.
டொக்டர் கையைப் பார்க்கவேயில்லை.
தலையை வலப்பக்கம் சரித்து
உச்சியில் மெல்ல அமுக்கினார்.
அமுக்கியது தலையை.
கத்தியது விரல்.

"கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு மிஸ்.
ஓரத்தில முள்ளு மாதிரி வளர்ந்து
நரம்பு வாற வாசலை நெரிக்குது.
கை பாவம்,
அதில ஒரு பிழையுமில்லை."

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
கட்டி அடுக்கிய வழக்குக் கோவைகள்போல் ஏழு எலும்பு;
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
ஒரு கடதாசிகூட நுழையாது.

இருபத்தாறு வருசம் புதுக்கடை நீதிமன்றத்தில்
பிறர் சொன்னதைக் குனிந்து தட்டெழுதினேன்.
உண்மைக்குக் குனிந்த அதே அளவு
பொய்க்கும் குனிந்தேன்.
கழுத்துக்கு வித்தியாசம் தெரியவில்லைப் போல.

இப்போது கழுத்தில் பட்டி.
கணினித் திரைக்கு அடியில்
யாரும் கேட்டு வராத இரண்டு தடித்த சட்டப் புத்தகங்கள்.
"மிஸ் இப்ப மகாராணி மாதிரி" என்கிறான்
பியோன் சோமசிறி.

நேற்று கிராண்ட்பாஸிலிருந்து ஒரு சாட்சி.
சம்பவம் எங்கே நடந்தது என்று கேட்டார்கள்.
கடையில் என்றாள்.
இல்லை, அதுக்கு முதல் வீட்டில் என்றாள்.
"இல்லை ஐயா, அதுக்கும் முதல்..."
கேட்டதற்கு மட்டும் பதில் என்றார் சட்டத்தரணி.
கடையில், என்று என் விரல்கள் அடித்தாயிற்று.

பட்டி குனிய விடவில்லை.
அதனால் அவள் முகத்தைப் பார்க்க நேர்ந்தது.
மேலுதட்டில் வியர்வை.
சொல்ல வந்த மூன்றாவது இடம்
இன்னும் வாயிலேயே இருந்தது.
என்னைத்தான் பார்த்தாள்,
நான் எழுதிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

இரவு ரெஜினோல்ட் போத்தலைத் திறந்தார்.
பழக்கத்தில் கையைத்தான் பிடித்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.