இரண்டு மலை, நடுவில் சூரியன்

அறுபத்திரண்டு தாள்கள்.
அறுபதில் இரண்டு மலை, நடுவில் சூரியன்.
மலையிலிருந்து ஆறு இறங்கி
தாளின் இடது மூலையில் கீழே விழுந்துவிடுகிறது.
பறவைகள் எல்லாம் நான் போடும் டிக் போலவே பறக்கின்றன.
மீதி இரண்டில்
ஒன்று வெற்றுத்தாள். ஒன்றில் ரோஜாப்பூ;
கேள்வியைப் படிக்கவில்லை அந்தப் பிள்ளை.

"இயற்கைக் காட்சி ஒன்று வரைக. மதிப்பெண் இருபது."

கடலூர் முதுநகரில் மலை கிடையாது.
கேப்பர் மலை இருக்கிறதே என்பீர்கள்.
அது செம்மண் மேடு, பெயரில் மட்டும் மலை.
மேலே மத்தியச் சிறை.
அதை யாரும் வரைவதில்லை.
சூரியனும் இங்கே கடலிலிருந்துதான் வருகிறது,
ஈரம் சொட்ட, எந்த இடுக்கிலும் சிக்காமல்.

பிறகு யார் கொண்டுவந்து இறக்கினார்கள்
இந்த நூற்றிருபது மலைகளை?

எங்கள் கோயில் சுவர்களில் மரம் உண்டு, தூரம் கிடையாது.
யானைக்குப் பின்னால் நிற்கும் மரமும்
யானைக்குப் பக்கத்தில்தான்.
நெய்தல் என்று சொன்னாலே
உப்பும் பிரிவும் வந்துவிடும் மொழியில்
கடலை எதற்குத் தனியாக வரைவது
என்று இருந்துவிட்டோமோ என்னவோ.

சீனத்தில் எப்போதோ
மலையைப் பட்டில் ஏற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள்.
அதில் மனிதன் எறும்பு.
தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேற்கே வெகுகாலம் நிலம் பின்னால்தான் நின்றது,
பிள்ளையை ஏந்திய மாதாவின் தோளுக்கு அப்பால்,
ஒரு ஜன்னல் அளவுக்கு.
நீலமாய் ஒரு குன்று, வளைந்த பாதை, போதும்.
ஏதோ ஒரு நூற்றாண்டில்
மாதா எழுந்து உள்ளே போனாள்.
ஜன்னல் அப்படியே இருந்தது.
அதற்கு ஒரு சட்டம் அடித்து மாட்டிவிட்டார்கள்.

வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைத்த பிறகு
பெட்டியோடு வயலுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.
அதற்கு முன்பே
தேவனாம்பட்டினத்துக் கோட்டைப் பக்கம்
கம்பெனிக்காரன் ஒருவன் மடக்கு நாற்காலி விரித்திருப்பான்,
பீரங்கி எதுவரை எட்டும் என்று பார்க்க.
தூரம் அளந்த அதே கையால்
கெடிலத்தின் கழிமுகத்தையும் வரைந்திருப்பான்,
அழகாகவே.
பனைக்குக் கீழே ஒருவனை நிறுத்தியிருப்பான்,
மரத்தின் உயரம் தெரிய.
அவன் பெயரைக் கேட்டிருக்க மாட்டான்.

அந்த மலைகள் பிறகு காலண்டரில் ஏறி,
பிஸ்கட் டப்பாவில் ஏறி,
சலூன் சுவரில் ஒரு அருவியையும் சேர்த்துக்கொண்டு,
கடைசியில் இந்தத் தாள்களில் வந்து படுத்திருக்கின்றன.
எனக்கும் என் டீச்சர் இதைத்தான் போட்டுக் காட்டினார்.
நானும் கரும்பலகையில்
இரண்டே இழுப்பில் போடுவேன்.

நாற்பத்தோராவது தாள், கோ. லோஷினி, சோதிக்குப்பம்.
மலை பச்சையும் நீலமுமாய்ச் சரிந்து கிடந்தது.
சரிவெங்கும் ஆரஞ்சுப் புள்ளிகள்.
ஆறு முறுக்கிக்கொண்டு போனது.
சிவப்பு மையில் எழுதினேன்:
மலையில் புள்ளி தேவையில்லை. 9/20.

திங்கட்கிழமை தாளை வாங்கிக்கொண்டு
அங்கேயே நின்றாள்.
"மிஸ், மலை இல்ல மிஸ். வலை."

துறைமுகத்தில் குவித்த இரண்டு வலைகள்.
நடுவில் சூரியன்.
காலை ஆறு மணிக்கு, தரையில் குந்தி உட்கார்ந்தால்
அப்படித்தான் தெரியுமாம்.
புள்ளிகள் மிதவை.
ஆறு, கயிறு.

அடிவாரத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.
"அப்போ இது பாறை இல்லையா?"
"எங்கப்பா. தூங்குறாரு."

சிவப்பு மை அழியாது.
ஒன்பதை அடித்துப் பக்கத்தில் பதினெட்டு எழுதினேன்.
அசிங்கமாகத்தான் இருந்தது.
அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை,
தாளை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிடாமல்
மற்ற ஐம்பத்தொன்பதையும் திரும்ப வாங்கி
மேசையில் பரப்பி
முதல் தாளின் முதல் மலைக்குக்
கிட்டே குனிந்தேன்.